வீட்டுச் செலவு: சிக்கனம் தாயின் தட்டில் தொடங்கலாமா?

விலைவாசி உயர்வு பற்றித் தொலைக்காட்சியில் ஒளியேறிய கருத்தரங்கில் நான் பேசியதையும், அங்கு எழுந்த கேள்விகளுக்கு அளித்த விளக்கங்களையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நேரமின்மையால் அரங்கில் விடுபட்ட கணக்குகளையும் சேர்த்துள்ளேன். கையில் ஒரு பேனாவையும் உங்கள் வீட்டுக் கட்டணச் சீட்டையும் வைத்துக்கொண்டு படித்தால் பயன் அதிகம்.

விலை ஏறியிருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பொருள் சேவை வரி 1994ஆம் ஆண்டு 3 விழுக்காட்டில் தொடங்கியது. 2007இல் 7 விழுக்காடானது. 2023 ஜனவரியில் 8, 2024 ஜனவரியில் 9 என்று ஏறியது. தண்ணீர்க் கட்டணம் 2024 ஏப்ரலிலும் 2025 ஏப்ரலிலும் இரு கட்டங்களாகக் கன மீட்டருக்கு மொத்தம் 50 காசு கூடியது. ஆகவே, "செலவைக் குறைக்க வேண்டும்" என்று எல்லா வீடுகளிலும் பேசுகிறோம். ஆனால் எதை முதலில் குறைப்பது என்று பேசுவதில்லை. அங்குதான் தவறு நேர்கிறது.

அரங்கில் ஒரு தாயார் எழுந்தார். கணவருக்கு மிகைநேர வேலை நின்றுவிட்டதாம். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். "எப்படிச் சமாளிக்கிறீர்கள் அம்மா?" என்று நெறியாளர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மீன் வாங்கினா அவருக்கும் பிள்ளைங்களுக்கும் மட்டும்தான் வாங்குறேன். நான் குழம்ப ஊத்திக்குவேன். மாசம் ஒரு நாப்பது வெள்ளி மிச்சம் ஆகுது."

பலர் கைதட்டினார்கள். தியாகம் என்று பாராட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. "வீட்டில் வேறு கடன் ஏதும் உண்டா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, தீபாவளிக்குச் சோபாவும் தொலைக்காட்சிப் பெட்டியும் கடன் அட்டையில் வாங்கியதாகவும், 3,000 வெள்ளி பாக்கி இருப்பதாகவும், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருவதாகவும் சொன்னார்.

அந்த அம்மா ஒரு மாதம் முழுவதும் மீன் உண்ணாமல் மிச்சம் பிடிக்கும் 40 வெள்ளி, அந்தக் கடனின் ஒரு மாத வட்டிக்குக்கூடப் போதாது. இதைச் சொன்னபோது அரங்கம் அமைதியானது.

நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். சிக்கனத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வட்டி. இரண்டாவது மின்சாரமும் தண்ணீரும். மூன்றாவது கடையில் வாங்கும் விதம். உணவுத் தட்டு கடைசி. நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. தட்டில் குறைப்பது எளிது. யாரையும் கேட்க வேண்டாம், யாரோடும் சண்டை போட வேண்டாம். அதனால்தான் தாய்மார்கள் அங்கே தொடங்கிவிடுகிறார்கள்.

முதலில் வட்டி

கடன் அட்டைகளின் வட்டி நம் நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 27 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 3,000 வெள்ளிக்கு 27 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 810 வெள்ளி. மாதத்துக்கு 67 வெள்ளி 50 காசு.

குறைந்தபட்சத் தொகை பொதுவாகப் பாக்கியில் 3 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. 3,000 வெள்ளிக்கு 90 வெள்ளி வரும். அந்தத் தாயார் 90 வெள்ளி கட்டினால் 67.50 வட்டிக்குப் போய்விடுகிறது. கடன் குறைவது 22 வெள்ளி 50 காசுதான். இப்படியே குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால், புதிதாக ஒரு காசுக்கும் பொருள் வாங்காவிட்டாலும், கடன் தீரப் பத்தாண்டுக்கு மேலாகும். சோபா கிழிந்து வெளியே போன பிறகும் வட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

மாதம் 90 வெள்ளி கட்டுவதை 190 ஆக்கினால் என்ன ஆகும்? சுமார் 20 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். கூடுதலாக வேண்டியது 100 வெள்ளி. அதை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் அடுத்த பகுதிகளில் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. கையில் பணம் இல்லாதபோது சிலர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறார்கள். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம் என்று 2015 அக்டோபர் முதல் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. மாதத்துக்கு என்பதைக் கவனியுங்கள். கடன் அட்டை வட்டியைவிட இது அதிகம். கடன் முதலைகளுக்கோ வரம்பே இல்லை. அவர்கள் வட்டியோடு வீட்டின் நிம்மதியையும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடன் கைமீறும் என்று தோன்றினால், மீறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள். குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர வழி உண்டா என்று கேளுங்கள். குடும்ப சேவை நிலையங்களும் சமூகச் சேவை அலுவலகங்களும் நம் பேட்டைகளிலேயே இருக்கின்றன. அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, மின்சாரமும் தண்ணீரும்

கட்டணச் சீட்டு வந்தால் நாம் முதலில் பார்ப்பது, கட்ட வேண்டிய தொகையை. அந்தத் தொகை நம்மை ஏமாற்றும். தகுதிபெறும் வீவக குடும்பங்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் யு-சேவ் தள்ளுபடி கிடைக்கிறது. தள்ளுபடி வந்த மாதத்தில் தொகை குறைந்திருக்கும். "இந்த மாதம் நன்றாகச் சிக்கனம் செய்துவிட்டோம்" என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் பயன்பாடு கூடியிருக்கலாம்.

ஆகவே வெள்ளியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். மின்சாரம் எத்தனை யூனிட், தண்ணீர் எத்தனை கன மீட்டர் என்பதைச் சமையலறை நாட்காட்டியில் மாதந்தோறும் எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் வீட்டின் கதை தெரிந்துவிடும்.

மின்கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். கணக்குக்கு வசதியாக, வரியோடு சேர்த்து ஒரு யூனிட் சுமார் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், வரி சேர்க்காமல் 3 வெள்ளி 24 காசு. மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த கட்டணம் இது.

குளியலறையிலிருந்து தொடங்குவோம். பொழிகுழாய் ஒரு நிமிடத்தில் சுமார் 9 லிட்டர் தண்ணீர் கொட்டும். பத்து நிமிடம் குளித்தால் 90 லிட்டர், 29 காசு. உடனடி வெந்நீர்க் கருவி 3 கிலோவாட் என்றால் பத்து நிமிடத்துக்கு அரை யூனிட், 15 காசு. ஒரு குளியலுக்கு மொத்தம் 44 காசு. நான்கு பேர் நாளுக்கு ஒருமுறை குளித்தால் மாதம் 52 வெள்ளி 80 காசு. குளியலை ஐந்து நிமிடமாக்கினால் பாதி, அதாவது 26 வெள்ளி, மிச்சம். யாருடைய வயிறும் காயவில்லை.

"எங்கள் காலத்தில் வாளியும் செம்பும்தான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான். இரண்டு வாளித் தண்ணீர் சுமார் 40 லிட்டர், 13 காசு. பிள்ளைகள் எல்லாரையும் வாளிக்குத் திரும்பச் சொல்ல முடியாது. ஆனால் சோப்பு போடும்போது குழாயை மூடச் சொல்லலாம்.

அடுத்து குளிர்சாதனம். படுக்கையறைக் கருவி ஒன்று மணிக்கு முக்கால் யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட், 1 வெள்ளி 80 காசு. மாதம் 54 வெள்ளி. புதிய இன்வெர்ட்டர் வகைகள் இதைவிடக் குறைவாக எடுக்கும். காலை ஆறு மணிக்கு எழும் வீட்டில் நான்கு மணிக்கே தானாக நிற்கும்படி நேரம் வைத்தால், அறையின் குளிர்ச்சி சற்று நேரம் நீடிக்கும். பிறகு மின்விசிறி போதும். இரண்டு மணி நேரத்தில் 45 காசு, மாதம் 13 வெள்ளி 50 காசு மிச்சம். 50 வாட் மின்விசிறி இரவு முழுவதும் ஓடினாலும் 12 காசுதான். வெப்பநிலையை 25 பாகையில் வைப்பதும், வடிகட்டியை அடிக்கடி கழுவுவதும் செலவை இன்னும் குறைக்கும்.

ஓர் இளம் தாயார் உடனே எழுந்தார். "என் குழந்தைக்கு ஆறு மாதம். குளிர்சாதனம் இல்லாமல் தூங்காது" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த வீட்டில் குளிர்சாதனத்தை விட்டுவிடுங்கள், வேறு இடத்தில் குறையுங்கள். எந்த ஆலோசனையும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஆனால் குழந்தை ஓர் அறையில் தூங்க, ஆளில்லாத இன்னோர் அறையிலும் கருவி ஓடினால் அது தேவையில்லை அல்லவா?

தண்ணீர்க் கசிவையும் கவனியுங்கள். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணை எழுதுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான் காரணம். தொட்டியில் சமையல் வண்ணம் சில துளிகள் விட்டு, தண்ணீர் திறக்காமல் சற்று நேரம் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் வண்ணம் தெரிந்தால் கசிவு உறுதி. பழுதுபார்க்கும் செலவு விரைவில் திரும்பி வந்துவிடும்.

புதிதாகக் குளிர்பதனப் பெட்டி வாங்குவோர் விலைச் சீட்டோடு நின்றுவிடக்கூடாது. 2008 முதல் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் எரிசக்தி முத்திரை கட்டாயம். எத்தனை டிக் என்பதோடு ஆண்டுப் பயன்பாடும் அதில் இருக்கும். குளிர்பதனப் பெட்டி 24 மணி நேரமும் ஓடுவது. ஐம்பது வெள்ளி மலிவு என்று வாங்கியது, பத்தாண்டு ஓடும்போது அதைப்போல் பல மடங்கை மின்கட்டணத்தில் விழுங்கிவிடலாம்.

மின்சாரத்தை விற்பனை நிறுவனங்களிடமிருந்து வாங்கும் திட்டம் 2019 மே மாதத்துக்குள் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அதிலும் யூனிட்டுக்கு எத்தனை காசு, எத்தனை மாத ஒப்பந்தம், இடையில் விலகினால் என்ன கட்டணம் என்ற மூன்றையும் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது, கடையில் வாங்கும் விதம்

கடையிலும் இதே பாடம்தான். பொட்டலத்தின் விலையைப் பார்க்காதீர்கள். நூறு கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, மிளகாய்த்தூள் 100 கிராம் 1.20 வெள்ளி, 250 கிராம் 2.60 வெள்ளி, 500 கிராம் 4.60 வெள்ளி என்று இருந்தால், நூறு கிராமுக்கு முறையே 120 காசு, 104 காசு, 92 காசு ஆகிறது. பெரியது மலிவு. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. "இரண்டு வாங்கினால் தள்ளுபடி" என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அதைவிட மலிவான வேறு முத்திரை இருக்கும். கைப்பேசியில் கணக்குப் போட அரை நிமிடம் போதும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. விலை மாறாது, எடை குறையும். 400 கிராம் இருந்த பொட்டலம் அதே விலையில் 360 கிராம் ஆனால், அது 11 விழுக்காடு விலையேற்றம். எடையைப் படிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

மலிவு என்று 25 கிலோ அரிசி மூட்டை வாங்கி வண்டு பிடித்தால் அது சிக்கனமல்ல. நான்கு பேர் வீட்டுக்கு எவ்வளவு போதும் என்பதை அம்மாக்களே அறிவார்கள். வாரத்தில் என்ன சமைப்பது என்று எழுதிவைத்து, பட்டியலோடு கடைக்குப் போனால் குளிர்பதனப் பெட்டியின் மூலையில் கீரை அழுகாது. குப்பைக்குப் போகும் உணவுதான் வீட்டிலேயே விலை உயர்ந்த உணவு.

மீனுக்கு வருவோம். வஞ்சிரம் விலை அதிகம் என்றால் கானாங்கெளுத்தி வாங்குங்கள். வாரத்தில் ஒருநாள் நெத்திலி, ஒருநாள் முட்டை, இருநாள் பருப்பு என்று மாற்றிச் சமையுங்கள். ஆனால் சமைத்ததை எல்லாருக்கும் பகிருங்கள். சத்தான உணவைத் தாய் தொடர்ந்து தவிர்த்தால் இரத்தச்சோகையும் சோர்வும் வரக்கூடும். அப்போது மிச்சம் பிடித்த நாற்பது வெள்ளி மருந்தகத்தில் போய்ச் சேரும்.

வெளியில் சாப்பிடுவதையும் கணக்கிடுங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனியாகச் சேர்க்கும் உணவகத்தில், பட்டியலில் 50 வெள்ளி என்றால் கட்டுவது 59 வெள்ளி 95 காசு. முதலில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் ஒன்பது விழுக்காடு வரி. மாதத்தில் அப்படி ஒரு வேளையை வீட்டுச் சமையலாக்கினால், மளிகைச் செலவு 20 வெள்ளி போக 40 வெள்ளி மிச்சம். அது அந்தத் தாயார் மீனைத் துறந்து சேர்த்த அதே தொகை.

அரசாங்கம் வழங்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு 2025 ஜனவரியில் 300 வெள்ளியும் மே மாதத்தில் 500 வெள்ளியும் கிடைத்தன. பாதி பேரங்காடிகளில், மீதி உணவங்காடிக் கடைகளிலும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளிலும் செலவழிக்க முடிந்தது. பலர் இதை "சும்மா வந்த பணம்" என்று நொறுக்குத்தீனியில் தீர்த்துவிடுகிறார்கள். அரிசி, எண்ணெய், சவர்க்காரம் என்று எப்படியும் வாங்க வேண்டிய பொருள்களுக்குப் பயன்படுத்துங்கள். அப்படி வாங்கியதால் கைப்பணத்தில் எவ்வளவு மிஞ்சியதோ அதை அன்றே கடனுக்குக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது எங்கே போனதென்றே தெரியாது.

நூறு வெள்ளி கிடைத்ததா?

இப்போது கூட்டிப் பார்ப்போம். குளியலில் 26 வெள்ளி. குளிர்சாதனத்தில் சுமார் 14 வெள்ளி. உணவகத்தில் 40 வெள்ளி. அளவு பார்த்து வாங்கியதிலும் வீணாகாமல் சமைத்ததிலும் 20 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 வெள்ளி. நாம் தேடிய தொகை இதுதான். 90 வெள்ளி 190 ஆகிறது. பத்தாண்டுக் கடன் 20 மாதத்தில் தீர்கிறது. மீன் தட்டிலேயே இருக்கிறது.

கடன் தீர்ந்த பிறகு அந்த 190 வெள்ளியை நிறுத்திவிடாதீர்கள். அதில் மாதம் 50 வெள்ளியைத் தீபாவளிக்கென்று தனியாகப் போட்டுவந்தால் ஆண்டுக்கு 600 வெள்ளி. அடுத்த தீபாவளிக்குக் கடன் அட்டையைத் தொட வேண்டியதில்லை. மீதியை அவசரச் செலவுக்குச் சேருங்கள். வேலை போனால் ஓரிரு மாதம் தாங்குவதற்கு அதுதான் கைகொடுக்கும்.

இது பெண்களின் வேலை மட்டுமா?

நிகழ்ச்சியின் முடிவில் ஓர் ஆடவர் கேட்டார்: "நான் சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிடுகிறேன். மற்றதை அவர் பார்த்துக்கொள்கிறார். இதில் நான் என்ன செய்ய வேண்டும்?"

அவருக்குச் சொன்ன பதிலோடு முடிக்கிறேன். பணத்தைக் கொடுப்பதோடு கணக்கையும் பகிர்ந்துகொள்ளுங்கள். மாதத்தில் ஒருநாள், சம்பளம் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் மேசையில் உட்காருங்கள். கடன் அட்டைச் சீட்டு, மின்சாரம் தண்ணீர்ச் சீட்டு, கைப்பேசிச் சீட்டு மூன்றையும் பரப்பிவையுங்கள். சென்ற மாதம் எத்தனை யூனிட், இந்த மாதம் எத்தனை யூனிட் என்று பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். யார் மீதும் குற்றம் சுமத்தாதீர்கள். "அடுத்த மாதம் ஒன்றை மட்டும் குறைப்போம், எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் யோசனை சொல்லும்.

அப்படி உட்காராத வீட்டில், கணக்கு முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் தன் தட்டில் குறைத்துக்கொள்கிறார். மற்றவர்களுக்கு அது தெரிவதே இல்லை. அந்தத் தாயாரின் கணவரும் அன்று அரங்கில் அருகில்தான் அமர்ந்திருந்தார். மனைவி மீன் சாப்பிடுவதில்லை என்பதை அவர் அப்போதுதான் கேள்விப்பட்டாராம்.

இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது, அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு கட்டணச் சீட்டை எடுங்கள்.